ஒளி பட்டால் மட்டும் சுடும் மருந்தும் அதைச் சுமக்கும் கலப் பொதிகளும்

வன்னியில் மாடு வளர்ப்பவர்களுக்கு நாயுண்ணிப் பற்றையை நன்றாகத் தெரியும். வேலியோரம், குளக்கட்டு, வெட்டிக் கைவிட்ட காணி என்று எங்கும் மஞ்சளும் றோசாவுமாகக் கொத்துக்கொத்தாகப் பூத்து நிற்கும். புல் கருகும் காலத்தில் பசி தாங்காமல் மாடு அந்த இலையைத் தின்றுவிட்டால், சில நாட்களில் அதன் தோலில் புண் வரும். ஆனால் எல்லா இடத்திலும் வராது. வெள்ளைத் தோல், மூக்கு நுனி, மடி போன்ற இடங்கள்தான் சிவந்து வெடிக்கும், கருந்தோல் தப்பிவிடும். மாட்டை நிழலில் கட்டினால் புண் பரவுவது குறையும்.

காரணம் இதுதான். நாயுண்ணியின் நச்சு ஈரலைத் தாக்குகிறது. மாடு தின்ற புல்லின் பச்சையம் வயிற்றில் உடைந்து பைலோஎரித்திரின் என்ற பொருளாகிறது. நல்ல ஈரல் அதைப் பித்தத்தோடு கழித்துவிடும், பழுதான ஈரலால் அது முடியாது. அந்தப் பொருள் இரத்தத்தில் தேங்கித் தோல்வரை வருகிறது, தோலில் வெயில் படுகிறது. பைலோஎரித்திரினும் வெயிலும் உடலில் உள்ள ஒட்சிசனும் சேர்ந்து தோலைச் சுடுகின்றன. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் புண் இல்லை.

புற்றுநோய்க்குச் செய்யும் ஒளியியக்க சிகிச்சை இதே மூன்றையும், அதாவது ஒளி பட்டால் சுடும் ஒரு சாயம், ஒளி, ஒட்சிசன் ஆகியவற்றை, வேண்டுமென்றே, வேண்டிய இடத்தில் மட்டும் சந்திக்க வைக்கும் வேலை. இந்த ஆய்வுகளில் அதிகம் பயன்படும் சாயங்களில் ஒன்றான குளோரின் இ6 பச்சையத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. மாட்டின் தோலைச் சுட்ட பொருளுக்கு அது நெருங்கிய உறவு. (கிணற்றுக்குப் போடும் குளோரீன் வேறு, இது வேறு. பெயர் மட்டுமே ஒத்திருக்கிறது.)

அப்படியான சாயத்தை, கலங்கள் வெளியே விடும் எக்சோசோம் என்ற நுண்பொதிகளில் ஏற்றிக் கட்டிக்குக் கொண்டுபோகும் முயற்சியைப் பற்றியது இந்தக் கட்டுரை. உயர்தரத்தில் உயிரியல் படிப்பவர்களையும், வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் வந்தபின் இணையத்தில் தேடத் தொடங்கியவர்களையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறோம். நாங்கள் பாடசாலையில் கலம் என்று படித்ததையே தமிழ்நாட்டு எழுத்துகளில் செல் என்று காண்பீர்கள்.

சாயம், ஒளி, ஒட்சிசன்

1900இல் மியூனிச் நகரில் ஒஸ்கார் ராப் என்ற மாணவர், பேராசிரியர் ஹேர்மன் பொன் தப்பைனரின் ஆய்வுகூடத்தில் செய்த வேலையை வெளியிட்டார். அக்ரிடின் என்ற சாயம் கலந்த நீரில் பரமேசியம் என்ற ஒருகல உயிரி வெளிச்சத்தில் விரைவாகச் செத்தது. இருட்டில் நெடுநேரம் உயிரோடு இருந்தது. ஒளி தனியாகவோ சாயம் தனியாகவோ அதைக் கொல்லவில்லை. ஒட்சிசனும் வேண்டும் என்பதை அதே ஆய்வுகூடம் பின்னர் காட்டியது. 1970களில் அமெரிக்காவின் பஃபலோ நகரில் உள்ள றோஸ்வெல் பார்க் நிலையத்தில் தோமஸ் டோகேர்ட்டி இதைப் புற்றுநோயாளருக்குப் பயன்படுத்திக் காட்டினார். அந்த வழியில் வந்த போட்டோஃபிறின் என்ற மருந்துக்கு 1993இல் கனடாவும் 1995இல் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன.

நடப்பது என்ன? சாய மூலக்கூறு ஒளியை உறிஞ்சிக் கிளர்ச்சியடைகிறது. அந்தச் சக்தியைப் பக்கத்தில் உள்ள ஒட்சிசனுக்குக் கைமாற்றுகிறது. சாதாரண ஒட்சிசன் ஒற்றைநிலை ஒட்சிசன் ஆகிறது. அது கைக்கு எட்டிய இலிப்பிட்டு என்ற கொழுப்பையும் புரதத்தையும் உடனே ஒட்சியேற்றிச் சிதைக்கும். சாயம் பெரும்பாலும் தான் அழியாமல் பழைய நிலைக்குத் திரும்பி அடுத்த ஒளித்துணிக்கையை வாங்கத் தயாராகும். இப்படி ஒரே மூலக்கூறு பலமுறை வேலை செய்யும். சாயத்துக்கு இங்கே ஒளியுணர்த்தி என்று பெயர்.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருக்க விரும்பினால், ஒற்றைநிலை ஒட்சிசனின் ஆயுளை வைத்திருங்கள். நீரில் அது ஏறத்தாழ 3.5 மைக்குரோசெக்கன், கலத்தினுள் இன்னும் குறைவு. அந்த நேரத்துக்குள் அது போகக்கூடிய தூரம் பத்திலிருந்து ஓரிரு நூறு நனோமீற்றர்தான். ஒரு கலத்தின் குறுக்களவோ 10,000 முதல் 20,000 நனோமீற்றர். ஆகவே சாயம் கலத்துக்கு வெளியே சற்றுத் தள்ளி நின்றால் எவ்வளவு ஒளி கொடுத்தும் பயனில்லை. அது கலத்தின் மென்சவ்விலோ உள்ளே சக்தி உண்டாக்கும் இழைமணியிலோ குந்தியிருக்க வேண்டும். மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மற்ற மருந்துகளில் பாதி வேலை என்றால், இதில் ஏறக்குறைய முழு வேலையும் அதுதான்.

ஒளியின் கணக்கு

கைவிளக்கை உள்ளங்கைக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். மறுபக்கம் சிவப்பாகத் தெரியும். நீலத்தையும் பச்சையையும் இரத்தத்தின் ஈமோகுளோபின் விழுங்கிவிடுகிறது. சிவப்பு கடந்து வருகிறது. அதனால்தான் உள்ளே எட்ட வேண்டிய சாயங்களைச் சிவப்பொளியில் வேலை செய்பவையாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். போட்டோஃபிறினுக்கு வேண்டிய ஒளியின் அலைநீளம் 630 நனோமீற்றர், தெமோபோர்ஃபினுக்கு 652, குளோரின் இ6க்கு ஏறத்தாழ 660. சிவப்பும் பயன்படும் வலிமையோடு இழையத்தினுள் போவது சில மில்லிமீற்றர் தொடக்கம் ஒரு சென்ரிமீற்றர் வரைதான். மாரியில் கலங்கிய குளத்துக்குள் வெயில் இறங்குவது போல, மேல்தட்டைத் தாண்டினால் இருட்டு. வாய், தோல், தொண்டை, மூச்சுக்குழாய், சிறுநீர்ப்பை போன்ற மேற்பரப்புகளே இதற்குப் பொருத்தம். உள்ளுறுப்புகளுக்கு மெல்லிய ஒளியிழையைச் செருக வேண்டும். உடல் முழுதும் பரவிய நோய்க்கு இந்தச் சிகிச்சை ஈடுகொடுக்காது.

ஒளியளவைக் கணக்கிடுவது எளிது. ஒரு சதுர சென்ரிமீற்றரில் விழும் மில்லிவாற்றைச் செக்கன்களால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யூல் வரும். தெமோபோர்ஃபின் மருந்தைத் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் முறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உடல் எடையின் கிலோவுக்கு 0.15 மில்லிகிராம் நரம்பு வழியாக ஏற்றுவார்கள். 60 கிலோ உள்ளவருக்கு அது 9 மில்லிகிராம். 96 மணித்தியாலம் கழித்து, சதுர சென்ரிமீற்றருக்கு 100 மில்லிவாற்று வீதம் 200 செக்கன் ஒளி. 100 × 200 ÷ 1000 = 20 யூல். ஒளியைக் கூட்டி நேரத்தைக் குறைத்தாலும் அதே 20 வருமே என்று தோன்றும். கணக்கில் வரும், இழையத்தில் வராது. ஒளி மிகக் கடுமையாக இருந்தால் அந்த இடத்து ஒட்சிசன் தீர்ந்துபோகும், இரத்தம் புதிதாகக் கொண்டுவருமுன் மிச்ச ஒளி வீணாகும். மெதுவாகக் கொடுப்பதும் இடைவெளி விட்டுக் கொடுப்பதும் இதனால்தான்.

போட்டோஃபிறினின் அளவு கிலோவுக்கு 2 மில்லிகிராம். ஊசி போட்டு 40 முதல் 50 மணித்தியாலத்தில் ஒளி. கட்டியில் மட்டுமன்றித் தோலிலும் அது தங்கிவிடும். நோயாளி குறைந்தது 30 நாள் வெயிலில் போகக்கூடாது. சாதாரண வெயில் களிம்பு இங்கே காப்பாற்றாது. அது புறஊதாக் கதிரைத் தடுப்பதற்கென்று செய்யப்பட்டது. இந்த மருந்தைத் தூண்டுவதோ கண்ணுக்குத் தெரியும் ஒளி. அதற்காக இருட்டறைக்குள் பூட்டிக்கொண்டு இருப்பதும் தவறு. வீட்டினுள் உள்ள மங்கிய வெளிச்சம் தோலில் உள்ள மருந்தைச் சிறிது சிறிதாக அழித்துவிடும், அது நல்லது. வயலில் தண்ணி கட்டுபவருக்கும், கரைவலை இழுப்பவருக்கும் ஒரு மாதம் பகலில் வெளியே போகாதே என்பது சின்னக் கட்டளை இல்லை. சாயத்தைக் கட்டிக்கு மட்டும் கொண்டுபோகும் வண்டி ஒன்று வேண்டும் என்று ஆய்வாளர் தேடியதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இன்னொரு காரணம் சாயத்தின் குணம். நல்ல ஒளியுணர்த்திகள் பல தட்டையானவை, எண்ணெய்க் குணமுள்ளவை. நீரில் போட்டால் அப்பளக் கட்டுப்போல ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொள்ளும். அடுக்கிய நிலையில் ஒளி வாங்கிய மூலக்கூறு தன் சக்தியைப் பக்கத்து மூலக்கூறிடம் வெப்பமாக இழந்துவிடும். ஒளிர்வும் குறையும், ஒற்றைநிலை ஒட்சிசனும் குறையும். சாயத்தைக் கொழுப்புச் சுவருக்குள் பிரித்து வைத்தால் இந்த அடுக்கல் தளரும்.

கொழுப்புப் பொதியில் சாயம் ஏற்றுவது புதிய யோசனை அல்ல. கண்ணின் விழித்திரை நோய்க்கு 2000இல் அமெரிக்க அனுமதி பெற்ற வெர்ட்டிபோர்ஃபின் செயற்கைக் கொழுப்புக் குமிழியில் வைத்துத்தான் கொடுக்கப்படுகிறது. புதியது என்னவென்றால், அந்தக் குமிழியை நாம் செய்யாமல் உயிருள்ள கலத்திடமிருந்தே வாங்குவது.

கலம் வெளியே அனுப்பும் பொதிகள்

நம் உடலின் எல்லாக் கலங்களும் மென்சவ்வு சுற்றிய நுண்ணிய பொதிகளை வெளியே விட்டுக்கொண்டே இருக்கின்றன. பொதுப்பெயர் கலப்புறப் புடகம். இவற்றில் மிகச் சிறியவை எக்சோசோம். 30 முதல் 150 நனோமீற்றர். பிறக்கும் விதத்தைப் பனையோலைக் கடகத்தைக் கொண்டு விளக்கலாம். கலத்தினுள்ளே பெரிய கடகம் ஒன்று உண்டு. அதன் சுவர் உட்பக்கமாக மொட்டுவிட்டுப் பல சின்னப் பெட்டிகளை உள்ளே போட்டுக்கொள்கிறது. பிறகு கடகம் கலத்தின் எல்லைக்கு வந்து அதோடு ஒட்டி, பெட்டிகளை வெளியே கவிழ்க்கிறது. இன்னொரு வகை, எல்லைச் சுவரிலிருந்தே நேராக மொட்டுவிட்டுப் பிரிவது. அது 100 முதல் 1000 நனோமீற்றர். கையில் கிடைத்த ஒரு பொதி எந்த வழியில் பிறந்தது என்று பின்னர் நிரூபிப்பது கடினம். அதனால் கவனமுள்ள ஆய்வாளர் எக்சோசோம் என்று அடித்துச் சொல்லாமல், சிறிய கலப்புறப் புடகம் என்றே எழுதுகிறார்கள்.

1983இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் முதிராத செங்குழியங்களில் இந்த வெளியேற்றத்தைக் கண்டன. அவற்றுள் ஒன்றை நடத்திய மொன்றியல் நகரின் ரோஸ் ஜோன்ஸ்ரன் 1987இல் எக்சோசோம் என்ற பெயரைப் பயன்படுத்தினார். கலம் வேண்டாததைக் கொட்டும் குப்பை என்றே நெடுங்காலம் எண்ணினார்கள். 2007இல் இவை ஒரு கலத்தின் மரபுச் செய்தி தாங்கும் ஆர்என்ஏயை இன்னொரு கலத்துக்குக் கொண்டுபோகின்றன என்று சுவீடன் ஆய்வாளர் காட்டிய பின்தான், சரக்கு ஏற்றலாமே என்ற ஆசை பலருக்கும் பிடித்தது.

வண்டியாக இவற்றின் தகுதி என்ன? சுவர், உடலின் கல மென்சவ்வைப் போன்றதே. சில புடகங்கள் என்னைத் தின்னாதே என்று விழுங்குகலங்களுக்குச் சொல்லும் சீடி47 புரதத்தைத் தாங்கியிருக்கும். மேற்பரப்பில் உள்ள ஒட்டுப்புரதங்கள் சில இழையங்களை நாட வைக்கும். இந்த நாட்டத்தைப் பல கட்டுரைகள் மிகைப்படுத்துகின்றன. அதைப் பற்றிப் பின்னர் பார்ப்போம்.

எந்தக் கலத்திடம் வாங்குவது என்பதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. புற்றுநோய்க் கலத்தின் புடகம் தன் இனத்தை நாடும் என்பார்கள். ஆனால் அது புற்றுநோயைப் பரப்பத் துணைபோகும் புரதங்களையும் ஆர்என்ஏயையும் தூக்கிவரக்கூடும். எங்கள் தீர்ப்பில் மனிதருக்குக் கொடுக்க அது நல்ல தெரிவு அல்ல. எலும்பு, கொழுப்பு போன்ற இழையங்களாக வளரக்கூடிய இடைநடுத்தோல் தண்டுக்கலம் பாதுகாப்பில் மேல். வளர்க்கச் செலவு அதிகம். முதிர்ந்த செங்குழியத்தில் கருவும் டிஎன்ஏயும் இல்லை. இரத்த வங்கியிலிருந்து நிறையக் கிடைக்கும், குருதி இனத்தை மட்டும் பார்க்க வேண்டும். மாட்டுப்பாலிலும் புடகங்கள் ஏராளம். அதில் சிக்கல், பாலின் கேசீன் புரதத் திரள்களும் இதே பருமன். சிற்றேற்று உப்புச் சேர்த்துக் கல்சியத்தைப் பிடித்து அந்தத் திரள்களைக் கரைக்காவிட்டால், புடகம் என்று நினைத்துக் கேசீனை எண்ணிக்கொண்டிருப்போம்.

பிரித்தெடுத்தல்

கலங்களை வளர்ப்பூடகத்தில் வளர்க்கும்போது வழக்கமாகக் கன்றுக்குட்டிச் சீரம் சேர்ப்பார்கள். அந்தச் சீரத்திலேயே மாட்டின் புடகங்கள் கோடிக்கணக்கில் உண்டு. அறுவடைக்கு ஓரிரு நாள் முன் சீரமில்லாத ஊடகத்துக்கு மாற்ற வேண்டும். அல்லது சீரத்தையே முன்கூட்டி, புவியீர்ப்பின் 100,000 மடங்கில் இரவு முழுதும் சுழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். புதியவர்கள் அதிகம் தவறவிடும் படி இது.

பிறகு ஊடகத்தைச் சேகரித்து 4 பாகை செல்சியசில் மையநீக்கியில் படிப்படியாகச் சுழற்றுவது. புவியீர்ப்பின் 300 மடங்கில் 10 நிமிடம்: கலங்கள் அடியில் படியும், மேல்நீரை எடுத்துக்கொள்ள வேண்டும். 2,000 மடங்கில் 20 நிமிடம்: செத்த கலங்கள். 10,000 மடங்கில் 30 நிமிடம்: உடைந்த துண்டுகளும் பெரிய புடகங்களும். இதுவரை வண்டலை எறிந்து மேல்நீரை வைத்தோம். கடைசியாக 100,000 மடங்கில் 70 நிமிடம் சுழற்றும்போது அது தலைகீழாகும். அடியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் படிவதுதான் நமக்கு வேண்டியது. அதை, அமிலத்தன்மை மாறாமல் வைக்கும் பொசுபேற்றுத் தாங்கற் கரைசலில் கலக்கி மறுபடி அதே வேகத்தில் ஒருமுறை கழுவுவார்கள். அளவுக்கு மிஞ்சிச் சுழற்றினால் புடகங்கள் நசுங்கி ஒன்றோடொன்று ஒட்டும். அதைத் தவிர்க்க விரும்புவோர் பருமன்படி பிரிக்கும் நிரலைப் பயன்படுத்துகிறார்கள். துளையுள்ள மணிகள் நிரப்பிய குழாய் அது. பெரிய புடகம் மணியின் துளைக்குள் நுழைய முடியாமல் நேரே இறங்கி முதலில் வரும்; சின்னப் புரதங்கள் துளைதோறும் நுழைந்து அலைந்து பிந்தி வரும்.

கிடைத்தது புடகம்தானா என்பதை ஒரே சோதனையால் சொல்ல முடியாது. துணிக்கையின் அசைவைப் பின்தொடரும் கருவி பருமனையும் எண்ணிக்கையையும் தரும். ஆனால் அது புடகத்துக்கும் கேசீனுக்கும் வேறுபாடு அறியாது. இலத்திரன் நுணுக்குக்காட்டி உருவம் காட்டும். அதில் தெரியும் கிண்ண வடிவம் காயவைத்ததால் வந்த சுருக்கம், இயற்கை வடிவம் உருண்டை. புடகங்களின் அடையாளமான சீடி9, சீடி63, சீடி81 ஆகிய புரதங்கள் இருப்பதையும், கலத்தின் உள்ளுறுப்புப் புரதங்கள் இல்லாததையும் சேர்த்துக் காட்ட வேண்டும். கூடுதல் நாள் வைப்பதற்கு மறை 80 பாகைக் குளிர் வேண்டும். உறையவைத்து உருக்குவதை ஒருமுறைக்கு மேல் செய்தால் பொதி கிழியத் தொடங்கும். ஒரு மணித்தியால மின்வெட்டையும் இந்தக் கணக்கில் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

சாயம் ஏற்றுதல்

குளோரின் இ6 போன்ற சாயத்தைச் சிறிதளவு கரைப்பானில் கரைத்து, புடகக் கரைசலில் சேர்த்து, இருட்டில் 37 பாகையில் ஒரு மணித்தியாலம் அளவில் மெதுவாக ஆட்டினால் அதுவே சுவருக்குள் புகும். கரைப்பான் மொத்தக் கனவளவின் 1 வீதத்தைத் தாண்டாமல் பார்ப்பது நல்லது. கூடினால் அதுவே சுவரைக் கரைக்கும். இன்னும் கூடுதலாக ஏற்ற, மீயொலியால் அதிரவைத்துச் சுவரைக் கணநேரம் திறப்பார்கள். திறந்த சுவர் மூட 37 பாகையில் ஓய்வு கொடுக்க வேண்டும். அதிர்வு மிஞ்சினால் மேற்பரப்புப் புரதம் கழன்றுபோகும். அதற்குப் பிறகு கையில் இருப்பது, பெயருக்கு இயற்கைப் பொதியாக இருந்தாலும், குணத்தில் செயற்கைக் குமிழிதான். மின்துடிப்பால் துளையிடும் முறை ஆர்என்ஏக்குப் புகழ்பெற்றது. ஆனால் மின்துடிப்பில் ஆர்என்ஏ தானே திரண்டு, ஏறியது போலப் பொய்க்கணக்குக் காட்டும் என்பது 2013இல் வெளியான ஆய்வு ஒன்றில் தெரியவந்தது. நாலாவது வழி, தாய்க் கலத்துக்கே சாயத்தை ஊட்டிவிட்டு, அது விடும் புடகங்களைச் சேகரிப்பது. பொதி கிழியாது, ஏறும் அளவு குறைவு.

எவ்வளவு ஏறும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம், ஏனென்றால் இந்தத் துறையில் பொய்யையும் மெய்யையும் பிரிக்க இந்தக் கணக்கு உதவும். 100 நனோமீற்றர் புடகம், சுவர்த் தடிப்பு 5. உள்வெளியின் விட்டம் 90. அந்த உருண்டையில் லீற்றருக்கு ஒரு மில்லிமூல் செறிவில் சாயம் நிரப்பினால் உள்ளே இருப்பது ஏறத்தாழ 230 மூலக்கூறு மட்டும். சுவரைப் பாருங்கள்: ஓர் இலிப்பிட்டு 0.65 சதுர நனோமீற்றர் இடம் பிடிக்கும் என்றால் இரு படைகளிலும் சேர்த்து 80,000க்கு மேல் இலிப்பிட்டு; கணக்குக்கு 80,000 என்று வைப்போம். நூறு இலிப்பிட்டுக்கு ஒரு சாயம் என்றால் 800 மூலக்கூறு. ஆக, எண்ணெய்க் குணமுள்ள சாயத்துக்கு உள்ளறையை விடச் சுவர்தான் பெரிய களஞ்சியம். சாயம் மிஞ்சி நெருங்கினால் சுவருக்குள்ளும் அதே அடுக்கல் நோய் வரும்.

இப்போது ஒரு மில்லிலீற்றரில் லீற்றருக்கு ஒரு மைக்குரோமூல் சாயம் வேண்டும் என்று வைப்போம். கல வளர்ப்புப் பரிசோதனையில் இது சாதாரண அளவு. புடகத்துக்கு 800 வீதம் கொண்டுபோக ஏறத்தாழ 75,000 கோடி புடகங்கள் தேவை. யாராவது 1,000 கோடி புடகத்தை வைத்தே அந்த அளவைக் கொடுத்தோம் என்றால், ஒவ்வொன்றும் 60,000 சாய மூலக்கூறு சுமந்திருக்க வேண்டும். நாலு இலிப்பிட்டுக்கு மூன்று சாயம். அப்படிச் சுவர் நிற்காது. அங்கே பெரும்பகுதி சாயம் புடகத்துக்கு வெளியே கிடக்கிறது என்று முடிவுக்கு வரலாம்.

ஒட்டாத சாயம் என்ற பொறி

எல்லாவற்றையும் விடப் பெரிய பிழை இதில்தான் நடக்கிறது. ஏறாத சாயத்தைக் கழுவி நீக்க மறுபடி அதிவேகத்தில் சுழற்றுகிறார்கள். ஆனால் அடுக்கிக்கொண்ட சாயத் திரளும் புடகத்தின் பருமனுக்கே வளர்ந்து அதோடு சேர்ந்து அடியில் படியும். வண்டல் பச்சையாக இருக்கிறது, ஆகவே சாயம் ஏறிவிட்டது என்று எழுதுகிறார்கள். சாயம் அல்புமின் போன்ற புரதத்தோடும் ஒட்டிவரும். வடிகட்டி முறையிலும் பருமனுள்ள திரள் தங்கிவிடும்.

இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு, மலிவானது. புடகமே இல்லாத வெறும் தாங்கற் கரைசலில் அதே அளவு சாயத்தைப் போட்டு, அதே நேரம் சூடாக்கி, அதே நிரலில் ஓடவிடுங்கள். புடகம் வரவேண்டிய பகுதியில் சாயம் வந்தால், உங்கள் முறை சாயத் திரளைப் புடகம் என்று எண்ணுகிறது. இந்த ஒரு குழாய் பல கட்டுரைகளில் காணாமற் போயிருக்கும். கட்டுரை வாசிக்கும் மாணவர்கள் முதலில் தேட வேண்டியது அதைத்தான்.

ஒளி கொடுக்கும் பரிசோதனையில் இன்னும் சில குழாய்கள் வேண்டும். சாயமேற்றிய புடகம் இருட்டில், வெற்றுப் புடகம் ஒளியில், ஒளி மட்டும், அதே அளவு தனிச் சாயம் ஒளியில், அதே அளவு சாயம் செயற்கைக் குமிழியில். கடைசியானது இல்லாமல், இயற்கைப் பொதி செயற்கையை விட மேல் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஒளியே கலத்தைச் சூடாக்கிக் கொல்லவில்லை என்பதைக் காட்ட ஊடகத்தின் வெப்பநிலையை அளக்க வேண்டும். கொன்றது ஒற்றைநிலை ஒட்சிசன்தானா என்று பார்க்கச் சோடியம் அசைட்டைச் சேர்ப்பார்கள். அது ஒற்றைநிலை ஒட்சிசனை விழுங்குவதால் சாவு குறைய வேண்டும். அசைட்டு கடும் நஞ்சு. கையுறை இல்லாமல் தொடக்கூடாது, அமிலத்தோடு சேர விடக்கூடாது.

அறையின் குழல்விளக்கும் ஒளிதான் என்பதை மறந்தால் எல்லாம் பாழ். குழாய்களை அலுமினியத் தாளில் சுற்றி, மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்ய வேண்டும். வன்னியின் மதிய வெளிச்சம் யன்னலால் விழும் மேசையில் இருட்டுக் கட்டுப்பாடு என்று வைத்த தட்டு இருட்டில் இருந்ததாகாது.

புடகம் கலத்துக்குள் போனபின் என்ன ஆகும்? பெரும்பாலும் கலம் அதை விழுங்கி உட்பைக்குள் அடைத்துவிடும். மற்ற மருந்துகள் அங்கேயே சிறைப்பட்டுச் செரித்துப்போகும். ஒளியுணர்த்திக்கு இங்கே ஒரு வசதி: ஒளி பட்டவுடன் அது அந்தப் பையின் சுவரையே ஒட்சியேற்றிக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அந்தக் கிழிசலால் கூடவே ஏற்றிய இன்னொரு மருந்தையும் வெளியே விடலாம். இந்தச் சேர்க்கை எங்களுக்கு மிகவும் நம்பிக்கை தருவது.

உடலுக்குள்

எலிகளில் நரம்பு வழியாக ஏற்றிய புடகங்களின் பெரும்பங்கு நிமிடக்கணக்கில் இரத்தத்திலிருந்து மறைந்துவிடுகிறது. ஈரலும் மண்ணீரலும் நுரையீரலும் பிடித்துக்கொள்கின்றன. செயற்கை நனோத் துணிக்கைகள் பற்றி 2016இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்றில், ஏற்றியதில் கட்டியை அடைந்த அளவின் நடுமதிப்பு 0.7 வீதம். இயற்கைப் பொதிகள் இந்த விதியிலிருந்து முற்றாகத் தப்பிவிடும் என்று எண்ணக் காரணம் இல்லை. தானே கட்டியைத் தேடிப்போகும் என்ற பேச்சை இந்த அளவோடு வைத்துத்தான் கேட்க வேண்டும். ஆனால் ஒளியியக்க சிகிச்சைக்கு ஒரு காப்பு உண்டு: ஈரலுக்குள் போன சாயத்துக்கு அங்கே ஒளி கிடைக்காது. வழிதவறிய மருந்து இருட்டில் சும்மா கிடந்து மெல்லக் கழியும். கட்டிக்குள் நேரே ஊசியால் விடுவதும், வாயின் மேற்பரப்பில் பூசுவதும் ஈரலைச் சுற்றிப்போகும் வழிகள்.

இலங்கையில் ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை போடும் வழக்கம் இதற்கு முதற்காரணம். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் உறுதிசெய்தது. வாய் என்பது ஒளி எட்டும் இடம், கண்ணால் பார்க்கக்கூடிய இடம். வன்னியிலிருந்து தெல்லிப்பளை, மகரகம புற்றுநோய் வைத்தியசாலைகளுக்குப் பஸ் ஏறுபவர்களில் பலருக்கு வந்திருப்பது, தொடக்கத்தில் கன்னத்தின் உட்புறத்தில் ஒரு வெண்திட்டாகவோ ஆறாத புண்ணாகவோ இருந்ததுதான். ஒளியியக்க முறைக்கு மிகப் பொருத்தமான கட்டமும் அந்தத் தொடக்கக் கட்டம்தான். ஆழமாக வேரோடியபின் அறுவையும் கதிர்வீச்சும் மருந்தேற்றலும்தான் வழி. புடகத்தில் ஏற்றிய சாயம் அவற்றின் இடத்தைப் பிடிக்கும் நிலையில் இன்று இல்லை. அது பெரும்பாலும் கல வளர்ப்பிலும் எலியிலும் நடக்கும் ஆய்வு.

அதனால் எக்சோசோம் என்ற பெயரில் ஊசியோ சொட்டோ விற்க யாராவது வந்தால், மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தக் கலத்திலிருந்து எடுத்தது, ஒரு மில்லிலீற்றரில் எத்தனை புடகம், எந்த நாட்டு மருந்து அதிகாரசபை எந்த நோய்க்கு அனுமதித்தது. 2019 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், எக்சோசோம் என்று சொல்லி விற்ற பொருட்களால் நோயாளிகளுக்குக் கடும் பாதிப்பு வந்ததை அறிவித்து, அனுமதிபெற்ற எக்சோசோம் பொருள் எதுவும் இல்லை என்று எச்சரித்தது.

வாயில் வெண்திட்டோ செந்திட்டோ புண்ணோ இரண்டு கிழமையில் மாறாவிட்டால், வலி இல்லை என்று விட்டுவிடாமல், பக்கத்து அரச வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். வாய் முழுவதையும் வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள்: நாக்கின் இரு ஓரம், நாக்கின் அடி, வெற்றிலை அடக்கும் பக்கத்துக் கன்னம்.